வீட்டுச் சாப்பாட்டை மெல்ல மெல்ல மாற்றுவோம்

இந்த மாத இளைஞர் வகுப்புக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு சாப்பாடு. "இதுல படிக்க என்ன இருக்கு?" என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. அதாவது, பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து, இடதும் வலதும் திரும்பிப் பாருங்கள். அந்தக் கணக்கு புரியும்.

இதற்குப் பரம்பரையும் ஒரு காரணம்தான். அதை நம்மால் மாற்ற முடியாது. தட்டில் விழுவதை மாற்ற முடியும். ஆனால் சமைப்பது பெரும்பாலும் நாம் இல்லை. அம்மா, பாட்டி, சில வீடுகளில் அக்கா. அதனால் இது ஊட்டச்சத்துப் பாடம் மட்டுமல்ல, வீட்டு மனிதர்களோடு சேர்ந்து எப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டு வருவது என்ற பாடமும்கூட.

1. நம் நூல்கள் சொல்வது

பகவத் கீதையின் 17-ஆவது அத்தியாயம் உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆயுளையும் பலத்தையும் வளர்க்கும் உணவு சாத்விகம். அளவுக்கு மீறிய உப்பு, காரம், புளிப்பு உள்ளது ராஜசம். பழையதாகி, சுவை கெட்டுப் போனது தாமசம். 6-ஆவது அத்தியாயத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது: அதிகமாகச் சாப்பிடுகிறவனுக்கும் யோகம் கைகூடாது, பட்டினி கிடப்பவனுக்கும் கைகூடாது. நடுவழிதான் வழி.

திருக்குறளில் 95-ஆவது அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. ஆனால் அதிலுள்ள பத்துக் குறளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறது. செரித்த பின் சாப்பிடு, அளவாகச் சாப்பிடு என்பதே சாரம். ஆக, அளவு பார்த்துச் சாப்பிடுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2. நம் நாட்டில் நடந்த ஓர் அரிசிக் கதை

நூறு வருடத்துக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோய் நிறைய பேரைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது அதிகமாக வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் அவ்வளவாக இல்லை. ஏன்?

1905-இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றொரு பிரிவுக்கு புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பலருக்கு நோய் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் ஏறக்குறைய யாருக்கும் வரவில்லை. பிறகு, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளர்களிடம் இதை மேலும் ஆராய்ந்தார்கள். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்துதான் காரணம் என்று தெரிந்தது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம்.

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துப் பிறகு உமி நீக்கினால் அது புழுங்கல் அரிசி. அவிக்கும்போது அந்த வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, அதனால் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. நம் பாட்டன் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற பேரே தெரியாது. ஆனால் அவர்கள் பழக்கம் அவர்களைக் காப்பாற்றியது. தினமும் சாப்பிடுகிற ஒரு பொருளில் சின்ன வித்தியாசம் இருந்தால்கூட அது உயிரைத் தொடும் என்பதுதான் இந்தக் கதை சொல்லும் பாடம்.

3. முதலில் கணக்கு எடுப்போம்

பொறியியலில் ஓர் எளிய விதி உண்டு: உள்ளே போனது எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். வீட்டுக்கும் இது பொருந்தும். மாதம் எத்தனை கிலோ சீனி வாங்குகிறோமோ, அது யாரோ ஒருவர் வயிற்றுக்குத்தான் போகிறது.

ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 4 கிலோ சீனி தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4000 கிராமை 5-ஆலும் 30-ஆலும் வகுத்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 27 கிராம். சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "27 தானே, பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் டின் பால், பிஸ்கட், சுவைபானம், மாமாக் கடை தே தாரேக் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. டின் பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு பெரிய கரண்டியில் சுமார் 11 கிராம். ஒரு தே தாரேக்கில் இரண்டு கரண்டி விழுந்தால் 22 கிராம். அப்பா காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று குடித்தால் 44 கிராம். வீட்டில் சீனியைத் தொடாமலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிட்டது!

சீனி, எண்ணெய், டின் பால், உப்பு, மேகி மீ ஆகிய ஐந்தும் மாதத்துக்கு எவ்வளவு வாங்குகிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். யாரையும் குறை சொல்லாமல், சும்மா எழுதி வையுங்கள்.

4. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

சோதனைக்கூடத்தில் ஒரே சமயத்தில் ஐந்து பொருளை மாற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாது. வீட்டிலும் அப்படித்தான். திங்கட்கிழமை திடீரென்று சோறு இல்லை, சீனி இல்லை, எண்ணெய் இல்லை என்றால், புதன்கிழமை எல்லாரும் வெளியே போய் நாசி லெமாக் சாப்பிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்.

முதல் இரண்டு வாரம், பானம். மூன்று கரண்டி சீனி போடுகிற இடத்தில் இரண்டரை. நான்கு நாள் கழித்து இரண்டு. நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். கடையில் "குராங் மானிஸ்" என்று சொல்லி வாங்குங்கள். முடிந்தால் "தே ஓ கோசோங்". சாப்பாட்டோடு வெறும் தண்ணீர். பானத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், இதில் சமையல் மாறவில்லை. அம்மாவுக்கு வேலை கூடவில்லை.

மூன்றாம், நான்காம் வாரம், காய்கறி. சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' முறை நாம் பள்ளியிலேயே கேட்டதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும். நம் தட்டில் பெரும்பாலும் பாதிக்கு மேல் சோறு. ஓரமாக உருளைக்கிழங்குப் பிரட்டல். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது, அது சோற்றுக் கணக்கு. பாதித் தட்டு என்று உடனே போக வேண்டாம். தினமும் ஒரே ஒரு கீரையோ காயோ கூடுதலாக வரட்டும். பாயாம், கங்கோங், சாவி எல்லாம் பாசாரில் மலிவு. பல வீட்டுக் கொல்லையில் முருங்கை மரமே நிற்கிறது.

ஐந்தாம், ஆறாம் வாரம், புரதம். தண்ணியாக ஓடுகிற சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும்? ஒரு கைப்பிடி பருப்பு கூடுதலாகப் போட்டால் சாம்பார் கெட்டியாகும், பசியும் தாங்கும். கொண்டைக்கடலைச் சுண்டல் நவராத்திரிக்கு மட்டும் என்று யார் சொன்னது? சாயங்காலப் பசியாறலுக்குக் கறிபாஃப் இருக்கும் இடத்தில் வாரம் இரண்டு நாள் சுண்டல் வரட்டும். தெம்பே, தாவு, முட்டை, மீன் எல்லாம் கைக்கெட்டும் விலையில் கிடைப்பவை.

ஏழாம், எட்டாம் வாரம், சோறு. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சோற்றில் கை வைத்தால்தான் வீட்டில் சண்டை வரும். நான்கு குவளை வழக்கமான அரிசிக்கு ஒரு குவளை தவிடு நீக்காத அரிசி. அதை மட்டும் முன்கூட்டியே ஒரு மணி நேரம் ஊறவையுங்கள், தண்ணீரும் கொஞ்சம் கூட்டுங்கள். பழகிவிட்டால் மூன்றுக்கு இரண்டு. பிடிக்கவில்லையா? புழுங்கல் அரிசியோடு நின்றுவிடலாம். தோசை மாவில் கேழ்வரகு மாவு கொஞ்சம் கலக்கலாம். கால்சியம் அதிகமுள்ள தானியம் அது. ஒன்றை மறக்க வேண்டாம்: எந்த அரிசியும் அரிசிதான். மலைபோல் குவித்தால் பயனில்லை.

பிறகு உப்பு. நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கீழே, அதாவது 5 கிராமுக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப் நான்கும் ஒரே நாளில் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரத நாளையும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை சைவம் என்று சொல்லி, பொரித்த உருளைக்கிழங்கு, அப்பளம், பாக்கெட்டில் வரும் சைவக் கோழி என்று சாப்பிட்டால் அன்றுதான் எண்ணெயும் உப்பும் அதிகம். புரட்டாசி மாதமும் தைப்பூச விரதமும் காய்கறியும் பருப்பும் பழகுவதற்கு நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு.

5. எப்படிப் பேசுவது?

"அம்மா, நீங்க சமைக்கிறது உடம்புக்கு நல்லதில்ல" என்று தொடங்கினால் பாடம் அங்கேயே முடிந்தது. இருபது வருடம் அந்தச் சமையலில்தான் நாம் வளர்ந்தோம். அவர் அன்பைக் காட்டிய வழி அது. "அம்மா, ஞாயித்துக்கிழமை நான் கீரை ஆஞ்சு தரேன், நீங்க கூட்டு வைக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். கோரிக்கையோடு வேலையும் சேர்ந்து வர வேண்டும். பாசாருக்குக் கூடப் போங்கள், பாத்திரம் கழுவுங்கள், வாரம் ஒரு வேளை நீங்களே சமையுங்கள். பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாட்டியிடம் பாடம் நடத்தாமல் கேள்வி கேளுங்கள். "பாட்டி, தோட்டத்துல இருந்தப்ப காலையில என்ன சாப்பிடுவீங்க?" கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை என்று அவரே சொல்லத் தொடங்கினால், பிறகு அந்தச் சமையலுக்கு அவர்தான் தலைவர். அப்பாவிடம் நீண்ட பேச்சு வேண்டாம். அவரோடு கடைக்குப் போய், நீங்கள் முதலில் "கோசோங்" என்று சொல்லி வாங்கிக் குடியுங்கள்.

வீட்டில் மூன்று வகைச் சமையல் வேண்டாம். நோயாளிக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்று பிரித்தால், நோயாளி தனிமையாகி விடுவார், சமைப்பவர் களைத்துப் போவார். எல்லாருக்கும் ஒரே பானை, அளவு மட்டும் வேறு.

6. கவனம் தேவைப்படும் இடம்

இனிப்புநீருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி அளவு ஆபத்தான வகையில் இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் அதன் அடையாளம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நாம் நல்லது என்று நினைக்கும் கீரை, பருப்பு, தவிடு நீக்காத அரிசிகூடச் சில சமயம் ஒத்துவராது. பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பும் அவர்களுக்கு ஆபத்து. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அரசாங்கக் கிளினிக் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்ட பிறகே மாற்றம். மாத்திரையை நாமே குறைக்கக் கூடாது.

வகுப்பில் கலந்து பேச

அ. உங்கள் வீட்டில் முதலில் மாற்றக்கூடியது எது? அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
ஆ. விருந்தாளிக்குச் சீனி குறைவான தேநீர் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களா? அதை எப்படிச் சமாளிப்பது?
இ. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நம் மன்றம் சிவப்புச் சர்பத்துக்குப் பதிலாக நீர்மோர் கொடுக்க முடியுமா? செலவு, குளிர்சாதன வசதி, ஆள் பலம் மூன்றையும் கணக்கிட்டு வாருங்கள்.

இந்த மாதப் பயிற்சி

மேலே சொன்ன ஐந்து பொருள்களின் கணக்கை இந்த மாதம் எழுதுங்கள். பானத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்யுங்கள். அடுத்த மாதம் அதே கணக்கைத் திரும்ப எழுதி, இரண்டு தாளையும் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அரைக் கிலோ சீனி குறைந்திருந்தால்கூட அது உங்கள் வீட்டுக்குக் கிடைத்த வெற்றிதான்.