பக்கவாத்தியக்காரர்: டெல்லி கணேஷ் நமக்கு விட்டுச்சென்ற பாடம்



2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் காலையில் கோவில் மண்டபத்தில் சமய வகுப்பு. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் கைப்பேசியில் செய்தி பார்த்தேன். நடிகர் டெல்லி கணேஷ் முந்தின நாள் இரவு சென்னையில் தம் வீட்டில் காலமாகிவிட்டார். வயது 80.

"டெல்லி கணேஷ் இறந்துட்டாராம்பா" என்று சொன்னேன். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "யாருண்ணா அவரு?" என்று கேட்டார் ஒரு தங்கை. படத்தைக் காட்டினேன். உடனே மண்டபமே சத்தம் போட்டது. "ஐயோ, இவரா! தெரியுமே! எல்லாப் படத்திலேயும் வருவாரே!"

முகம் எல்லாருக்கும் தெரிகிறது, பெயர்தான் தெரியவில்லை. அன்றைக்கு நடத்த வைத்திருந்த பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பற்றியே பேசினோம். அப்போது பேசியதையும் பிறகு நான் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவர் யார்?

டெல்லி கணேஷ் 1944 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிறந்தவர். சொந்த ஊர், திருநெல்வேலிச் சீமையில் வல்லநாடு. இயற்பெயர் கணேசன். சினிமாவுக்கு வருமுன் அவர் இந்திய விமானப் படையில் இருந்தார். 1964 முதல் 1974 வரை பத்து வருட சேவை. டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபையில் நாடகம் நடித்தார். அதனால்தான் பெயரோடு 'டெல்லி' ஒட்டிக்கொண்டது. பிறகு சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். 1977-இல் வந்த 'பட்டினப் பிரவேசம்' படத்தில் இயக்குநர் கே. பாலசந்தர் அவரைச் சினிமாவில் அறிமுகப்படுத்தினார்.

அதற்குப் பிறகு நானூறு படங்களுக்கு மேல் நடித்தார். ஒன்றிரண்டில் கதாநாயகனாகவும் வந்தார். மற்றதிலெல்லாம் அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், குமாஸ்தா, சமையற்காரர், வில்லன். இன்டர்நெட்டில் இளைஞர்கள் எடுத்த குறும்படங்களில்கூட நடித்தார். பெரிய இயக்குநர் கூப்பிட்டாலும் சரி, நேற்று கேமரா வாங்கிய பையன் கூப்பிட்டாலும் சரி, போனார்.

அவர் உடலுக்கு விமானப் படை வீரர்கள் வந்து மரியாதை செய்தார்கள். படையை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அவர்கள் தங்கள் ஆளை மறக்கவில்லை.

குணச்சித்திரம் என்றால் என்ன?

இப்படிப்பட்டவர்களை நாம் 'குணச்சித்திர நடிகர்' என்கிறோம். நல்ல சொல் அது. குணத்தைச் சித்திரமாக வரைபவர் என்று பொருள் கொள்ளலாம். கதாநாயகன் பெரும்பாலும் தானாகவே வருவான். அவனைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம். குணச்சித்திர நடிகர் தன்னை மறைத்துக்கொண்டு இன்னொருவராக வரவேண்டும்.

மூன்று படங்களைப் பாருங்கள். 1979-இல் வந்த 'பசி'யில் அவர் சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் ரிக்‌ஷாக்காரர். அதற்காகத் தமிழ்நாடு அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 1987-இல் 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கரை விட்டு விலகாத ஐயர். 1990-இல் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில், எடுத்து வளர்த்த பிள்ளையோடு கல்யாணச் சமையலுக்குப் போகும் பாலக்காடு மணி ஐயர். சாம்பாரில் மீன் விழுந்த அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒரு படத்தில் மெட்ராஸ் தமிழ், இன்னொன்றில் பாலக்காட்டுத் தமிழ். நெல்லைச் சீமையில் பிறந்தவர் இரண்டையும் பேசிப் பழகித்தான் வந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காட்சிகளில் அவர் பேசும் நேரத்தைவிட மற்றவர் பேசுவதைக் கேட்கும் நேரம் அதிகம். நாயகன் சொல்வதை அவர் முகம் நம்புகிறது, அதனால் நாமும் நம்புகிறோம். சில படங்களில் அவர் முகம்கூட இருக்காது. பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். நடிப்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. கைத்தட்டல் யாருக்குப் போனது என்று சொல்லவேண்டியதில்லை.

மிருதங்கம் இல்லாத கச்சேரி

எனக்கு மிகவும் பிடித்தது 1985-இல் வந்த 'சிந்து பைரவி'. அதில் சிவகுமார் பெரிய பாடகர் ஜே.கே.பி. டெல்லி கணேஷ் அவருடைய மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குருமூர்த்திக்குக் குடிப்பழக்கம். ஒருநாள் குடித்துவிட்டு மேடைக்கு வருகிறார். ஜே.கே.பி.க்குக் கோபம். மிருதங்கமே இல்லாமல் கச்சேரியை நடத்துகிறார்.

ஜே.கே.பி. செய்தது சரி என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். மேடைக்குக் குடித்துவிட்டு வந்தது குற்றம்தானே! ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பிற்பாடு அந்தப் பெரிய பாடகரே குடியில் விழுகிறார். பக்கத்தில் இருப்பவனை ஒதுக்குவது சுலபம், அவனைத் தாங்கிப் பிடிப்பது கஷ்டம் என்பது இப்போது படம் பார்க்கும்போதுதான் எனக்குப் புரிகிறது.

ஒரு சுவையான விஷயம். 'மைக்கேல் மதன காமராஜ'னில் அவருக்கு வைத்த பெயர், மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் பெயர். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1966-இல் அந்த மணி ஐயருக்குக் கிடைத்தது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை. பக்கவாத்தியக்காரருக்கு நடு இடம் கிடைக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

நம் சமயத்தில் ஒரு பக்கவாத்தியக்காரர்

அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒரு பக்கவாத்தியக்காரர் இருக்கிறார், தெரியுமா? அவர்தான் திருநீலகண்ட யாழ்ப்பாணர். திருஎருக்கத்தம்புலியூரில் பிறந்தவர். திருஞானசம்பந்தர் ஊர் ஊராகப் போய்ப் பதிகம் பாடும்போது கூடவே போய் யாழ் வாசித்தவர். அவர் மனைவி மதங்கசூளாமணியாரும் உடன் போனார்.

பெரிய புராணம் சொல்லும் இரண்டு நிகழ்ச்சிகளை நினைத்துப் பாருங்கள்.

முதலாவது, தருமபுரத்தில் நடந்தது. யாழ்ப்பாணரின் உறவினர்கள் அங்கே இருந்தார்கள். 'நம்ம ஆள் யாழ் வாசிப்பதால்தான் சம்பந்தர் பாட்டுக்கு இவ்வளவு புகழ்' என்கிற மாதிரி பெருமை பேசினார்கள். இன்றைக்கு நம்மை யாராவது அப்படிப் புகழ்ந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்போம். யாழ்ப்பாணர் நடுங்கிப்போனார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளும்படி அவரே சம்பந்தரிடம் வேண்டினார். சம்பந்தரும் பாடினார். அந்தப் பண்ணை யாழ் நரம்பில் வாசிக்க முடியவில்லை. வருந்திய யாழ்ப்பாணர், 'இந்தக் கருவியால்தானே இந்தப் பேச்சு வந்தது' என்று யாழையே உடைக்க ஓங்கினார்.

இங்கேதான் சம்பந்தரைக் கவனிக்கவேண்டும். அவர் தடுத்தார். இறைவன் புகழ் முழுவதும் ஒரு கருவியில் அடங்காது, அதற்காக யாழை உடைக்காதீர், அடங்கிய அளவுக்கு வாசியும் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார். 'நீ இல்லாமலேயே நான் பாடுவேன்' என்று சொல்லவில்லை. யாழைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தார்.

இரண்டாவது, சாத்தமங்கையில் திருநீலநக்கர் வீட்டில் நடந்தது. நீலநக்கர் வேதியர். யாழ்ப்பாணரோ அந்தக் காலத்தில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட பாணர் குலம். இரவு தங்கும் நேரம் வந்ததும் சம்பந்தர், யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவிக்கும் தங்க இடம் கொடுங்கள் என்று கேட்டார். நீலநக்கர் வீட்டின் நடுவில் வேள்வித் தீ இருந்த வேதிகைப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தீ அணையவில்லை. முன்னைவிட நன்றாக எரிந்தது என்கிறது புராணம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். முதலாவது பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம்: புகழ் வந்தால் தலைகனம் வேண்டாம், வராவிட்டாலும் யாழை உடைக்கவேண்டாம். இரண்டாவது நடுவில் இருப்பவருக்குப் பாடம்: உன்னோடு வந்தவனுக்கு இடம் கேட்டு வாங்கிக் கொடு. முதல் பாடத்தை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் மறந்தேன்.

என் தவறு

எங்கள் பஜனைக் குழுவில் ஒரு தம்பி மூன்று வருஷம் மிருதங்கம் வாசித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். நேரத்துக்கு முன்னாலேயே வந்து பாய் விரிப்பார், மைக் செட் பண்ணுவார். கடந்த நவராத்திரி நிறைவு நாளில் நன்றியுரை சொன்னது நான்தான். பாடியவர்கள், உபயக்காரர்கள், செயலவையினர் எல்லார் பெயரையும் வாசித்தேன். அவர் பெயரை விட்டுவிட்டேன். விட்டது எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. "இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை" என்று செயலவைக் கூட்டத்தில் பேசினேன். கொஞ்ச நாள் கழித்துப் பசார் மாலாமில் அவரைப் பார்த்தேன். "ஏம்ப்பா வர்றதில்ல?" என்றேன். சிரித்துக்கொண்டே, "பரவால்லண்ணே, நான் இல்லாட்டியும் பாட்டு நல்லாத்தானே போகுது" என்றார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் "யாருண்ணா அவரு?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. நானூறு படம் நடித்தவர் பெயரே தெரியவில்லை என்று பிள்ளைகளைக் குறை சொல்ல வாயெடுத்தேன். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் பெயரைச் சொல்லாதவன் நான். எந்த முகத்தோடு சொல்வது?

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். "ஷிப்ட் இல்லாத வெள்ளிக்கிழமை வர்றேன்ணே" என்றார் தம்பி. இன்னும் வரவில்லை. மறுபடியும் போய்க் கேட்பேன். கேட்கவேண்டியது என் கடமை.

நாம் செய்யவேண்டியது

சுவதர்மம் என்று கீதை பேசுகிறது. பிறர் வேலையைப் பார்த்து ஏங்காமல் தனக்குரிய வேலையை, குறை இருந்தாலும், தானே செய்வது மேல் என்பது அதன் கருத்து. தைப்பூசத்தில் காவடி எடுப்பவரைப் படம் பிடிக்கிறோம். தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர், அன்னதானச் சட்டி கழுவுபவர், செருப்பு பார்த்துக்கொள்பவர், குப்பை கூட்டுபவர் எல்லாரும் அதே முருகனுக்குத்தான் வேலை செய்கிறார்கள். உங்களுக்கு அந்த வேலை கிடைத்தால் டெல்லி கணேஷை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடக் காட்சியையும் முழுதாகச் செய்தவர் அவர்.

மைக் உங்கள் கையில் இருந்தால் சம்பந்தரை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு இடம் கேட்க வேண்டும் என்று சுற்றிப் பாருங்கள்.

வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் கிளையில் அல்லது கோவிலில், முகம் தெரிந்தும் பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர்? இந்த வாரம் மூன்று பேரின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள்.

2. யாழ்ப்பாணர் யாழை உடைக்கப் போனது சரியா? சம்பந்தர் தடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. உங்களைக் கவனிக்கவில்லை என்று நீங்கள் விட்டுவிட்ட நல்ல வேலை ஏதாவது உண்டா? அதை மறுபடி தொடங்க என்ன வேண்டும்?

இந்த வாரம் வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து டெல்லி கணேஷ் படம் ஒன்றைப் பாருங்கள். படம் ஆரம்பிக்கும்போது பெயர்கள் ஓடும். அதைத் தள்ளிவிடாமல் கடைசிவரை படியுங்கள்.