தரவு மையங்களும் முதலிடுவோரும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். அஃது அகத்திணைக்குக் கூறிய இலக்கணம். ஆயினும், பொருளை முதலாக இடுவோரும் இவ்விரண்டையுமே முற்பட ஆராய்தல் வேண்டும் என்பதை இந்நாளில் தரவு மையங்களின் வளர்ச்சி நன்கு காட்டுகின்றது. அதனை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

தரவு மையமாவது யாது? நாம் அனுப்பும் செய்திகளும், வங்கிக் கணக்குகளும், படங்களும் தங்குதற்குரிய கணினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, இரவும் பகலும் மின்சாரம் ஊட்டி, வெப்பந் தணித்துக் காக்கும் கட்டடமே அது. 2024ஆம் ஆண்டில் உலகம் செலவிட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 1.5 பங்கு இவற்றிற்குச் சென்றதெனச் சர்வதேச எரிசக்தி முகமை கணித்துள்ளது. இது சிறு பங்கன்றோ எனலாம். ஆனால், இம்மையங்கள் எங்கும் பரவி நில்லாமல் சிற்சில இடங்களிலேயே நெருங்கி நிற்கின்றன. இடர் அந்நெருக்கத்திலேயே உள்ளது.

முதலாவது நிலத்தை நோக்குவாம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் வடபகுதியில் 1990களில் இணையத் தடங்கள் பல கூடும் சந்தி அமைந்தது. பல கடைகள் உள்ள தெருவையே புதிய வணிகரும் நாடுதல் போல, அங்குள்ள லவுடன் மாவட்டத்தில் மையங்கள் பெருகின. 2022 ஜூலையில், மின்கடத்தும் வழிகள் போதாமையால் அம்மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் புதிய மையங்களுக்கு மின்சாரம் வழங்கத் தாமதம் நேரும் என டொமினியன் எனர்ஜி நிறுவனம் அறிவித்தது. நிலம் வாங்கினோர் மின்சாரத்திற்குக் காத்திருக்க நேர்ந்தது.

அயர்லாந்தின் நிலை இதனினும் தெளிவானது. அந்நாட்டில் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 2015ஆம் ஆண்டு நூற்றுக்கு 5 பங்கே பெற்ற தரவு மையங்கள், 2023ஆம் ஆண்டு 21 பங்கினைப் பெற்றன. நகர்ப்புற வீடுகள் யாவும் சேர்ந்து நுகர்ந்ததோ 18 பங்கே. ஆதலின் 2021ஆம் ஆண்டிலேயே அரசின் ஒழுங்குமுறை ஆணையம் புதிய மின்னிணைப்புகளுக்குக் கடுமையான விதிகளை வகுத்தது.

சிங்கப்பூரும் 2019ஆம் ஆண்டு புதிய மையங்களை நிறுத்திவைத்து, 2022இல் நிபந்தனைகளுடன் மீண்டும் இடந்தந்தது. அணையிட்ட நீர் வேறு வழி தேடுதல் போல, வளர்ச்சி நீரிணையைக் கடந்து மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திற் பாய்ந்தது. வளம் நிறைந்த இடமே நாளை தடை மிகுந்த இடமாகலாம். இன்று அயலாக உள்ள இடம் நாளை சந்தையாகலாம்.

இனிப் பொழுதினைக் காண்போம். 1998இல் தோன்றிய ஈக்குவினிக்ஸ் நிறுவனம், முற்கூறிய வர்ஜீனியாவிலேயே மையம் அமைத்தது. நிலத்தேர்வு பிழைபட்டதன்று. 2000இல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. பின்னர் இணைய வணிகம் சரிந்தமையால், 2002இல் ஒரு பங்கின் விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கிற்று. 32 பழைய பங்குகளை ஒரு பங்காக்கவும் நேர்ந்தது. அந்நிறுவனம் பிழைத்துப் பின்னர்ப் பெருவளம் எய்தியது. எனினும், முதலில் வாங்கி இடையில் மனந்தளர்ந்து விற்றோர்க்கு அவ்வளத்தாற் பயன் யாது? தேவை வளரும் என்பது வேறு. நாம் கொடுத்த விலை தகுமா என்பது வேறு.

இச்செய்தி நமக்கும் அயலதன்று. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடிக் கம்பி இணைத்தது. இன்று அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் தரவு மையங்கள் இயங்குகின்றன. அதே சென்னையின் ஏரிகள் 2019ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டதையும் நாம் மறத்தலாகாது. தம் ஓய்வுகாலச் சேமிப்பைப் பங்குகளில் இடும் பெற்றோர் நம்மிடம் கருத்துக் கேட்பின், 'இது வளருந் தொழில்' என்று மட்டும் கூறி அமையலாகாது. மின்சாரம் உறுதி செய்யப்பட்டதா, நீர் எங்கிருந்து வரும், இடத்தை வாடகைக்குக் கொண்டோர் எத்தனை ஆண்டிற்கு ஒப்பந்தம் செய்துள்ளனர், உள்ளிருக்கும் கருவிகள் சில ஆண்டுகளிற் பழமைப்படின் மாற்றுஞ் செலவு யாரைச் சாரும் என்னும் நான்கு வினாக்களையேனும் எழுப்புதல் நம் கடன். விடை கிடையாதவிடத்துப் பொருளைக் கையில் வைத்திருத்தலும் அறிவுடைமையே.