புலம்பலை ஜெபமாக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

இரவு இரண்டரை மணி. பொண்ணோட காலேஜ் ஃபீஸ், நகைக்கடன் வட்டி, அம்மாவின் சுகர் ரிப்போர்ட் என்று ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. காலையில் யாராவது, "ராத்திரி ஜெபம் பண்ணினீங்களா?" என்று கேட்டால், "தூக்கமே வரல, எங்க ஜெபம் பண்றது?" என்போம். ஆனால் அந்த நேரம் முழுக்க நாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். நமக்கு நாமே பேசினோம், அவ்வளவுதான். அந்தப் பேச்சை ஆண்டவர் பக்கம் திருப்பும் வழியைச் சேர்ந்தே பழகுவோம்.

என்ன இது?

வீட்டில் "சும்மா புலம்பாதே" என்கிறோம். வேதாகமத்தில் 'புலம்பல்' என்ற பெயரிலேயே 5 அதிகாரங்கள் கொண்ட ஒரு புத்தகம் இருக்கிறது. கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்றும் மற்றவர்கள் சங்கீதங்கள் என்றும் சொல்லும் 150 பாடல்களில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளே. கவலைப்படுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம்.

நமக்கு முன்னே இந்த வழியில் போனவள் அன்னாள். 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அவள் கதை வருகிறது. பிள்ளை இல்லை. சக்களத்தி குத்திக் காட்டுகிறாள். சாப்பாடு இறங்கவில்லை. சீலோ ஆலயத்தில் மனதுக்குள்ளேயே பேசுகிறாள். உதடு அசைகிறது, குரல் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியர் ஏலி நினைத்துவிட்டார். அவள் விளக்கிய பிறகு ஆசீர்வதித்து அனுப்புகிறார். அவள் போய்ச் சாப்பிடுகிறாள், முகவாட்டம் போய்விடுகிறது. சாமுவேல் பிறந்தது அதற்கப்புறம்தான். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நிலைமையில் எதுவும் மாறியிருக்கவில்லை. எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

எவ்வளவு செலவாகும்?

ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். வேதாகமம் இல்லாவிட்டால் செல்போனில் இலவசமாகவே கிடைக்கிறது. நேரம் பத்து நிமிடம் போதும்.

எப்படித் தொடங்குவது?

முதலில், மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதுவோம். "ஃபீஸ் கட்ட முடியுமான்னு தெரியல. பத்தாம் தேதி கடைசி." அழகுபடுத்த வேண்டாம்.

அடுத்து, அதே வரிக்கு முன்னால் ஒரு விளி சேர்ப்போம். "ஆண்டவரே, ஃபீஸ் கட்ட முடியுமான்னு தெரியல. பத்தாம் தேதி கடைசி. இன்னும் பதினெட்டாயிரம் குறையுது. பொண்ணு முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு." அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். தனக்குத்தானே பேசும்போது அது வெளியே வராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்றதும் வந்துவிடுகிறது. இந்த ஒரு படிதான் முக்கியம். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலும் போதும்.

மூன்றாவது, என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்போம். பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் இதைத்தான் சொல்கிறார்: கவலையை விண்ணப்பமாக்குங்கள், கூடவே நன்றியும் சொல்லுங்கள். சிறையிலிருந்து எழுதிய கடிதம் அது. நன்றிக்கு ஒரு வரி போதும்.

கடைசியாக, இரண்டு நிமிடம் பேசாமல் இருப்போம். பிறகு நாளைக்குச் செய்யவேண்டிய ஒரே ஒரு வேலையை எழுதிவைத்து நோட்டை மூடுவோம். 'காலேஜ் ஆபீஸில் தவணை கேட்பது' என்பது போல.

எந்தத் தமிழில்?

வீட்டுத் தமிழில்தான். 'தேவரீர்' வாயில் வந்தால் சரி, வராவிட்டால் தேட வேண்டாம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, கிராமத்துப் பேச்சிலும் மெட்டிலும் வழிபாட்டுப் பாடல்கள் செய்தவர். 'பரட்டை' என்றால் பலருக்கும் தெரியும். கடவுளை அவர் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லில் அம்மாவும் இருக்கிறார், அப்பாவும் இருக்கிறார்.

எங்கே, எப்போது?

வீட்டில் இடமில்லையா? மதுரையில் இருந்தால், கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்திலோ, நரிமேடு சி.எஸ்.ஐ. கதீட்ரலிலோ ஆராதனை இல்லாத நேரத்தில் பின் பெஞ்சில் உட்காரலாம். விடுமுறை நாளில் மானாமதுரை சாலைப் பக்கம் இடைக்காட்டூர் திருஇருதய ஆலயத்துக்குப் போகலாம். 1894-இல் கட்டி முடித்த கோவில்.

நேரம் என்றால் படுக்குமுன் நல்லது. 1606-இல் மதுரைக்கு வந்த மிஷனரி ராபர்ட் தெ நொபிலியின் இயேசு சபையில் இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் 'ஆன்ம சோதனை' இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

அதே கவலை திரும்ப வந்தால்?

வரும். மறுபடி அதையே சொல்வோம். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதுவும் ஜெபம்தான்.

எச்சரிக்கை

ஜெபத்துக்குக் கட்டணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். "ஜெபம் போதும், மாத்திரையை நிறுத்து" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பல வாரம் தூக்கமில்லை, வேலை ஓடவில்லை, சாகலாமா என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். அரசின் டெலிமானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டாக்டரிடம் போகிற வழியில், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஜெபிக்கலாம்.

முதல் இரவுக்கு

நோட்டு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். 'இன்னும் எத்தனை நாள்?' என்ற கேள்வி அதன் தொடக்கத்திலேயே நான்கு முறை வருகிறது. மொத்தம் ஆறே வசனம். வாசித்துவிட்டு, ஏழாவதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.