மூளைக்காய்ச்சலும் கண் பார்வையும்

மூளைக்காய்ச்சல் கண்டவர் உயிர் பிழைத்து வீடு திரும்பினால் குடும்பத்தார் ஆறுதல் அடைவது இயல்பே. ஆனால், காய்ச்சல் தணிந்தபின் "எதிரே வருபவரின் முகம் புகைபோலத் தெரிகிறது" என்று அவர் கூறுவாராயின், அதனை வெறும் அசதி என்று ஒதுக்கிவிடலாகாது.

தாயின் கருவில் குழந்தை வளருங்கால், விழித்திரையும் பார்வை நரம்பும் மூளையிலிருந்தே கிளைத்து உண்டாகின்றன. ஆகவே மூளையைத் தாக்கும் வைரஸ் கிருமி, இரத்தத்தின் வழியாகவோ நரம்பின் வழியாகவோ விழித்திரையையும் அடையக்கூடும்.

இதற்குத் தக்க சான்று மேற்கு நைல் காய்ச்சல். இதன் கிருமி 1937-ஆம் ஆண்டு உகாண்டா நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பறவைகளிடம் உள்ள இக்கிருமியைக் கியூலெக்ஸ் கொசு மனிதருக்குக் கொணர்கிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோர்க்கு யாதொரு நோயும் தோன்றுவதில்லை. ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்கே மூளையும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. துனிசியா நாட்டில் 2003-இல் இந்நோய் பரவியபோது, அவ்வாறு பாதிக்கப்பட்டோரின் கண்களைச் சோதித்ததில், பெரும்பாலோரின் விழித்திரையில் புண்கள் காணப்பட்டன. அவர்களுள் பலர் அதனை உணரவே இல்லை! தென்னிந்திய நோயாளிகள் சிலரின் விழித்திரை அழற்சிக்கும் இக்கிருமியே காரணம் என 2012-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நீரிழிவு உடையோர்க்கு அபாயம் அதிகம்.

இந்நோயில் கண் பெரும்பாலும் சிவப்பதில்லை, பீளையும் தள்ளுவதில்லை. புண் இருப்பது கண்ணின் பின்புறத்தில். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் கண்ணில் விடுவதால் அவை அவ்விடத்தை எட்டப்போவதில்லை. புதிய புண்ணை உண்டாக்கவே செய்யும். மருந்திட்டுப் பாவையை விரியச் செய்து மருத்துவர் நோக்கினாலன்றி உண்மை புலப்படாது. பலருக்கு வீக்கம் தானே தணிகிறது. சிலருக்குப் பார்வைக் குறை நிலைத்துவிடுகிறது.

ஊரில் மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டோரின் பெயர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்து, கண் பரிசோதனைக்கு அவர்களை அனுப்பும் பொறுப்பை ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்கலாம்.

மேற்கு நைல் காய்ச்சலுக்கு மனிதருக்கான தடுப்பூசி இல்லை. ஆதலின் கொசுவையே தடுத்தாக வேண்டும். நெல் வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் கொசுப்புழு மடியும் என்பது மெய்யே. எனினும், அடுத்த முறைத் தண்ணீர் வருமோ என்று ஐயுறும் கடைமடை விவசாயி இதற்கு எளிதில் இணங்கார். அவரைக் குறை கூறுவதும் முறையன்று. தெருச் சாக்கடையும் குழாயடிக் குட்டையும் அப்படியல்ல. அவை ஊராட்சியின் கையில் உள்ளவை. வாரம் ஒருமுறை அவற்றின் அடைப்பை நீக்கி நீரை ஓடவிட்டால், புழு கொசுவாக மாற அவகாசம் இராது.