ஊருக்குள் ஒரு பொதுத் தோட்டம்

முன்னுரை

நம் பாட்டிமார் வாழ்ந்த வீடுகளில் முன்புறம் திண்ணையும் பின்புறம் கொல்லையும் இருந்தன. குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. கிணற்றடியில் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் லைன் வீடுகளில் குடியிருப்போர் பலருக்குக் கொல்லை கிடையாது. ஆனால் பக்கத்திலேயே ஒரு காலிமனை சீமைக்கருவேல் மண்டிக் குப்பைமேடாகக் கிடப்பதைக் காண்கிறோம். தெருவார் ஒன்றுகூடி அதைத் தோட்டமாக்க முடியுமா? முடியும். ஆனால் அத்தோட்டம் நிலைத்து நிற்க என்ன வேண்டும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நியூயார்க் தந்த பாடம்

1970களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநகரம் கடும் பண நெருக்கடியில் சிக்கியது. ஏழைகள் வாழ்ந்த பகுதிகளில் பல கட்டடங்கள் கைவிடப்பட்டு இடிந்து விழுந்தன. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்னும் ஓவியப் பெண்மணி தம் நண்பர்களுடன் சேர்ந்து, பவரி, ஹியூஸ்டன் என்னும் இரு தெருக்கள் சந்திக்கும் மூலையில் இருந்த குப்பைமேட்டைத் துப்புரவு செய்தார். வேலியிட்டு, நல்ல மண் பரப்பி, 60 மேட்டுப் பாத்திகள் அமைத்துக் காய்கறி பயிரிட்டனர். 1974இல் மாநகராட்சி அவ்விடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அளித்தது. பிற தெருக்களிலும் இத்தகைய தோட்டங்கள் தோன்றின.

காலப்போக்கில் மனைகளின் விலை ஏறிற்று. 1999இல் மாநகராட்சி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விட முற்பட்டது. மக்கள் போராடினர். இறுதியில் இரண்டு பொதுநல அமைப்புகள் பணம் கொடுத்து அத்தோட்டங்களை வாங்கிக் காப்பாற்றின. உழைப்பு மட்டும் தோட்டத்தைக் காக்காது. நிலத்தின்மீது உறுதியான உரிமையும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

சிங்கப்பூரும் தமிழ்நாடும்

சிங்கப்பூரில் அரசே வழி வகுத்தது. அங்குள்ள தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர் கூடிப் பயிரிடும் தோட்டங்கள் இன்று ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. 2016 முதல் தனி நபர்களுக்கும் சுமார் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பாத்திகள் வாடகைக்கு விடப்படுகின்றன. அவ்வளவு சிறிய இடத்திலும் கீரை விளைகிறது!

நம் மாநிலத்தில் தோட்டக்கலைத் துறை 2013இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, தென்னைநார்க் கழிவு, பைகள், விதைகள் முதலியவற்றை மானிய விலையில் வழங்கியது. இது மிக நல்ல திட்டம். எனினும் மாடி உள்ளவர்க்கே மாடித்தோட்டம். ஓட்டு வீட்டிலும் ஒற்றை அறையிலும் வாழ்வோர்க்குப் பொது இடமே துணை.

நம் ஊர்களில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மனை யாருடையது என்று அறிய வேண்டும். தனியாருடையது எனில் அவரிடமும், பொது இடமெனில் உரிய அலுவலகத்திலும் எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுத்தில் இசைவு பெற வேண்டும்.

இரண்டாவதாக, மண்ணை அறிய வேண்டும். நம் பகுதி சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர்களால் அதை எளிதில் எடுக்க முடியாது. அதனால் நரம்புகள் பச்சையாக இருக்க, இளம் இலைகள் மஞ்சளாகும். மண்ணைப் பரிசோதித்து, மக்கிய தொழுவுரமும் காய்கறிக் கழிவு உரமும் இட்டால் மண் வளம் பெறும். லாரிகள் செல்லும் சாலையோரமாயின் கீரையை நன்கு கழுவிய பின்னரே சமைக்க வேண்டும்.

மூன்றாவதாக, முறை வேண்டும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பர். விதைக்கும் நாளில் எல்லோரும் வருவர்; சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவோர் யார்? எந்த நாள் எந்த வீட்டார் முறை, விளைந்ததை எப்படிப் பங்கிடுவது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். அரைக்கீரையை அறுக்க அறுக்க மீண்டும் துளிர்க்கும். ஆகவே ஒரு பாத்தியே பல வீடுகளுக்கு மாற்றி மாற்றி உதவும்.

முடிவுரை

சுற்றிலும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் ஊரில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வயல் உடையவர்க்கு இது தேவையில்லைதான். ஒரு கட்டுக் கீரைக்கும் காசை எண்ணிப் பார்க்கும் தாய்மார் நம் தெருக்களில் உள்ளனர். அவர்களுக்கு நான்கு பாத்திகள் பெரிய உதவி அன்றோ? ஆகவே பெற்றோரே, தோழியரே, நம் தெருக் காலிமனை யாருடையது என்று முதலில் விசாரிப்போம். பிறகு மண்வெட்டியை எடுப்போம்.