அன்சிபிளில் பட்டியலா, டிக்‌ஷனரியா?

எல்லா சர்வர்களுக்கும் பொதுவான குரூப் வார்ஸ் கோப்பில் 'பேக்கேஜஸ்' என்றொரு பட்டியல்: விம், கர்ல், குரோனி. டேட்டாபேஸ் சர்வரின் ஹோஸ்ட் வார்ஸ் கோப்பில் அதே பெயரில் இன்னொன்று: போஸ்ட்கிரெஸ். பிளேபுக்கை ஓட்டினால் அந்த சர்வரில் நான்கும் ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஏறுவது போஸ்ட்கிரெஸ் மட்டுமே. ஒரே பெயரில் உள்ள பட்டியல்களை அன்சிபிள் சேர்ப்பதில்லை. முன்னுரிமை கூடியது மற்றதை அடியோடு மாற்றிவிடும். பிழைச்செய்தியும் வராது. கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி இல்லாமலேயே அந்த சர்வர் வேலைக்கு வந்துவிடும்.

'ஹேஷ் பிஹேவியர்' அமைப்பை 'மெர்ஜ்' என்று மாற்றினால் தீருமா? தீராது. அது டிக்‌ஷனரிகளை மட்டுமே சேர்க்கும். வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ரோல்களும் அதனால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதைத் தொடவே வேண்டாம்.

பேக்கேஜ் போல வெறும் பெயர்கள்தான் என்றால் பட்டியலே போதும். ஆனால் பொதுவானதற்கு ஒரு பெயர், ஹோஸ்டுக்கு வேறு பெயர் வைத்து, டாஸ்கில் கூட்டல் குறியால் இணையுங்கள். ஹோஸ்ட் பட்டியல் இல்லாத சர்வர்களுக்காக டிஃபால்ட் ஃபில்டரில் வெற்றுப் பட்டியல் கொடுத்துவிடுங்கள். இணைத்ததை லூப்பில் சுற்றாமல் ஏபிடி, டிஎன்எஃப் மாட்யூல்களின் 'நேம்' இடத்தில் அப்படியே தரலாம். லூப்பில் இருபது பேக்கேஜ் என்றால் இருபது தடவை ஓடும். நேரடியாகக் கொடுத்தால் ஒரே தடவை.

பயனர் கணக்குகள் அப்படியல்ல. ஒவ்வொருவருக்கும் ஷெல், குழு, சாவி என்று விவரங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை ஒரு சர்வரில் மட்டும் மாற்ற நேரும். பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினாலும் சர்வரில் அவர் கணக்கு அப்படியே இருக்கும். 'ஆப்சென்ட்' என்று சொன்னால்தான் போகும். இங்கே பயனர் பெயரையே சாவியாகக் கொண்ட டிக்‌ஷனரிதான் சரி. பொதுவானதையும் ஹோஸ்டுடையதையும் கம்பைன் ஃபில்டரில் 'ரிகர்சிவ்' கொடுத்து இணைத்து, 'டிக்ட் டு ஐட்டம்ஸ்' வழியாக லூப்புக்கு அனுப்பலாம்.

பழைய 'வித் ஐட்டம்ஸ்' வரிகளை 2.5 பதிப்பில் வந்த 'லூப்'புக்கு மாற்றும்போது ஒரு கவனம்: முன்னது பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலை ஒரு படி பிரித்துக்கொடுக்கும், லூப் பிரிக்காது. ஃபிளாட்டன் ஃபில்டரை நீங்களே சேர்க்க வேண்டும்.

பிறர் எழுதிய பிளேபுக் கைக்கு வந்தால், ஓட்டும் முன் 'அன்சிபிள் இன்வென்டரி' கட்டளையை ஹோஸ்ட் பெயருடன் கொடுத்து, இன்வென்டரியிலிருந்து அந்த சர்வருக்கு எந்தப் பட்டியல் போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.