நாதம் மரத்திலா, சீவுகிற கையிலா?

வயலின் உலகில் ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் வில்லும் உயர்ந்த மரத்தில் செய்தவையாக வாங்கிவிட்டால் நாதம் தானே வந்துவிடும் என்பது. பெற்றோர் மரத்தின் பெயருக்குத் தாராளமாகப் பணம் கொடுத்துவிட்டு, அதைச் சீவிப் பொருத்துகிறவரிடம் கூலிக்குப் பேரம் பேசுவது இதனால்தான். ஆனால் நாதத்தில் பெரும்பங்கு அந்தக் கூலிக்குரிய வேலையில்தான் இருக்கிறது.

“பிரிட்ஜ் தடியாக இருந்தால் நாதம் கனமாக வரும்” என்கிறார்கள். நடப்பது வேறு. வில் தந்தியைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. வயலினின் மேல்பலகையோ மேலும் கீழும் அசைந்தால்தான் காற்றைத் தள்ள முடியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பிரிட்ஜின் வேலை. அது இடமும் வலமுமாக ஆடித் தன் இரண்டு கால்களால் பலகையை மாறி மாறி அழுத்துகிறது. மேல் பஞ்சமத் தந்திப் பக்கத்துக் காலுக்கு அருகே, உள்ளே சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி முட்டுக்கொடுத்து நிற்பதால் அந்தக் கால் அதிகம் அசையாது. மந்தர ஷட்ஜத் தந்திப் பக்கத்துக் கால்தான், அடியில் ஓடும் பேஸ் பார் என்ற மரச்சட்டத்தோடு சேர்த்துப் பலகையை அசைக்கிறது.

வேலை முடிந்த மேப்பிள் பிரிட்ஜ் ஏறக்குறைய 2 கிராம்தான் இருக்கும். அதன் கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு அளந்தால், இடுப்புக்கு மேலுள்ள பகுதி நொடிக்குச் சுமார் 3,000 முறை ஆடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் இந்த எல்லையை ஒட்டித்தான். மேற்பகுதியைச் சீவி எடை குறைத்தால் இந்த அதிர்வெண் ஏறும். இடுப்பைக் குடைந்தால் விறைப்பு குறைந்து இறங்கும். காதைக் குத்தும் வயலினுக்கு இடுப்பிலும், மந்தமான வயலினுக்குத் தலையிலும் கத்தி வைப்பவர் தொழில் தெரிந்தவர். பிரிட்ஜை ‘டியூன்’ செய்வது என்று சொல்லத்தக்க வேலை இதுதான். இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். பிரிட்ஜின் மேல் ஒரு மியூட்டை மாட்டிப் பாருங்கள். சிறு எடை கூடிய உடனே நாதத்தின் ஒளி மங்கிவிடும். சீவாமல் விட்ட தடித்த பிரிட்ஜ், கழற்றவே முடியாத மியூட் போன்றது.

மேசையில் போட்டால் மணியாக ஒலிக்கும் கட்டைதான் நல்ல கட்டை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த ஒலி மரத்தின் அடர்த்தியையும் விறைப்பையும் ஓரளவு சொல்லும். கட்டையைத் தேர்ந்தெடுக்க அது போதும். அதன் பிறகு தடிமனையும் உயரத்தையும் குறைத்து, துளைகளை விரித்து, கால்களைப் பலகையின் வளைவுக்கு ஏற்பச் சீவும்போது அந்த ஒலியே மாறிவிடுகிறது. காலுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் எந்த ஊர் மேப்பிளும் உதவாது.

நம் கச்சேரி மேடைக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பாடகருக்கு ஒரு கட்டை, அடுத்தவருக்கு ஒன்றரை, இரண்டு என்று பக்கவாத்தியக்காரர் சுருதியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறார். பிருடையை முறுக்கும்தோறும் தந்தி பிரிட்ஜின் தலையைத் தன்னோடு முன்னால் இழுக்கும். டெயில்பீஸ் பக்கத்து முகம் பலகைக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தபடியே விட்டால் மரம் வளைந்துபோகும், ஒருநாள் சட்டென விழவும் செய்யும். பிறகு “மட்டமான மரம்” என்று பழி மரத்தின் மேல் விழுகிறது. தந்தி உட்காரும் வெட்டுகளில் பென்சில் கரி தேய்ப்பதும், சுருதி சேர்த்த பின் இரண்டு கையாலும் பிரிட்ஜை நிமிர்த்துவதும் வகுப்பின் முதல் மாதத்திலேயே சொல்லித்தர வேண்டியவை.

வில்லுக்கு வருவோம். வில்லின் மரமே பாடுகிறது என்ற நம்பிக்கை இன்னும் ஆழமானது. நம் காதுக்கு வரும் ஒலியை வயலினின் உடல்தான் எழுப்புகிறது, வில் கம்பிலிருந்து நேராக வருவது மிகச் சொற்பம். குதிரைமயிரின் செதில்கள் தந்தியைப் பிடிக்கின்றன என்பதும் சரியல்ல. பிடித்து, நழுவவிட்டு, மீண்டும் பிடிப்பது மயிரில் தேய்க்கும் ரோசின் என்ற பிசின். ஆனாலும் வில்லை மாற்றினால் வாசிப்பு மாறுகிறதே என்றால், ஆம், மாறுகிறது. கம்பின் விறைப்பு, 60 கிராமை ஒட்டிய எடை, எடை எங்கே குவிகிறது என்பது, இவையெல்லாம் அழுத்தத்தையும் வேகத்தையும் ஆளும் கையை மாற்றுகின்றன.

பாரிஸில் பிரான்சுவா சேவியர் தூர்த் (1747–1835) இன்றைய வில்லின் வடிவத்தை நிலைநிறுத்தியபோது பிரேசிலின் பெர்னம்புக்கோவைத் தேர்ந்தார். ஐரோப்பாவுக்குச் சாயமரமாக வந்துகொண்டிருந்த மரம் அது. விறைப்பும் அடர்த்தியும் மிகுந்தது, சூட்டில் வளைத்த வளைவைக் காப்பது. அதனால் மெல்லிய கம்பும் வலுவாக நிற்கும். கம்பில் ஒலி பாயும் வேகத்தை அளக்க கிரெமோனாவின் ஜியோவான்னி லுக்கி உருவாக்கிய கருவி காட்டுவதும் இந்த விறைப்பைத்தான். அந்த எண்ணை நாதத்தின் மதிப்பெண்ணாக விலைச்சீட்டில் எழுதுவது தவறு. வேகம் மிகுந்த கம்பையும் வளைவு கெடச் சீவினால் தாவும் வீச்சுகளில் அது கைக்கு அடங்காது.

பெர்னம்புக்கோ இன்று அருகிவரும் மரம். அதன் பன்னாட்டு வணிகம் 2007 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்படுகிறது. கற்கும் பிள்ளைக்கு அந்த மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எடையும் சமநிலையும் சரியாக அமைந்த கார்பன் ஃபைபர் வில் போதும். சென்னை வெயிலிலும் மழைக்கால ஈரத்திலும் அதன் கம்பு வளையாது. மயிரை மட்டும் தேய்ந்தபோது மாற்ற வேண்டும்.